ஓட்டையை அடைக்க வேண்டாம்

நசரத்பேட்டை
8.6.2025

அன்புள்ள ஷோபனா அக்காவுக்கு, ராஜகுமாரி எழுதுவது.

நானும் நைனாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால்தான் நன்றாக இல்லை, வாய் நன்றாகவே இருக்கிறது. மில் பஞ்சால் உனக்கு வந்த இருமல் நின்றதா?

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் ஆபீஸில் போன் கொடுக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் "பேசுடி, பேசுடி" என்கிறாய். வார்டன் உன் பக்கத்தில் நிற்பார் என்று நினைத்தாலே எனக்கு வார்த்தை வருவதில்லை. கடிதத்தில் என்றால் நான் நன்றாகப் பேசுவேன். அதனால் எழுதுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. மண்ணூர்பேட்டையில், ஃபாக்டரி எஸ்டேட் ஓரம். முன்பு வண்டிகளுக்கு பிரேக் செய்த ஷெட் அது. இப்போது பழைய பொருள்களைப் பழுது பார்க்கும் இடம். மியூசியங்களிலிருந்து வரும் சாமான்களைச் சுத்தம் செய்து, உடைந்ததை ஒட்டி, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எனக்குப் பெருக்குவதும் துடைப்பதும் டீ கிளாஸ் கழுவுவதும். பெட்டி செய்யும் சுலைமான் அண்ணன்தான் என்னிடம் அதிகம் பேசுகிறார். நான் பதில் பேசாவிட்டாலும் அவரே எனக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வார்.

அங்கே ஆச்சரியம் நிறைய இருக்கிறது. பூச்சி அரித்த மரப் பொம்மையை ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம் போட்டு வைக்கிறார்கள். பூச்சிக்குக் குளிர் தாங்காதாம். பெரியவர் கலைவாணி மேடம் ஒரு பழைய படத்தைத் துடைத்தார். எதால் தெரியுமா? பஞ்சுக் குச்சியைத் தன் வாயில் நனைத்து, எச்சிலால்! அழுக்கை எடுப்பதில் எச்சிலைப் போல மருந்து இல்லையாம். நான் தரையை அப்படித் துடைத்தால் விடுவார்களா?

ஒன்பதாவதோடு ஏன் நின்றாய் என்று மேடம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பெஞ்சில் தினமும் எலிப் படம் வரைந்து வைத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? அது உனக்கு மட்டும் தெரியும்.

நீ சாப்பிடுவது என்ன, தூங்குவது எப்போது என்று விவரமாக எழுது.

உன் தங்கை,
ராஜி


வேடசந்தூர்
22.6.2025

அன்புள்ள ராஜிக்கு அக்கா எழுதுவது.

இருமல் குறைந்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்று ராத்திரி ஷிப்ட் இல்லை, அதனால் இரண்டு தடவை படித்தேன். அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல். நைனாவை லேஅவுட் காவலுக்குச் செருப்புப் போட்டுப் போகச் சொல்.

எச்சில் விஷயத்தை ரூமில் படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். மற்றதைப் படிக்கவில்லை. இங்கே ஒருத்தி கடிதத்தை இன்னொருத்தி எடுத்துப் படிப்பது சகஜம். அதனால் எது எழுதினாலும் பார்த்து எழுது.

இங்கே கிஷோர் என்று ஒரு ஃபிட்டர் இருக்கிறார். மெஷின் நின்றால் வருவார். ஊர் மணப்பாறைப் பக்கம். நல்ல மாதிரி. உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏரியைச் சொன்னேன், மெட்ரோ பாலத்தைச் சொன்னேன், பெரிய பெரிய ஃப்ளாட்டுகளைச் சொன்னேன். இனிச் சொல்ல விஷயம் இல்லை. நம் ஊரைப் பற்றி நல்லதாக நாலு எழுதி அனுப்பு.

வேலையில் வாயைத் திறந்து பேசப் பழகு.

அன்புடன்,
அக்கா


நசரத்பேட்டை
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். முழங்காலுக்கு எண்ணெய் போதவில்லை, மகள் வந்து தேய்த்தால்தான் சரியாகும் என்கிறார் அம்மா. அந்த மகள் நான் இல்லையாம்.

ஊரைப் பற்றி நல்லதாக நாலு கேட்டாய். ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் பெரியது.

ஒரு பழைய கல்லூரி புதுப்பிப்பதற்காகத் தன் மியூசியத்தை மூடியிருக்கிறது. அங்கிருந்து நாற்பது சாமான் வந்தது. சுலைமான் அண்ணன் ஒரு பெட்டியைத் திறந்ததும், "இன்னா சார் இது, சாவு ஊட்டு பானைய பார்சல்ல அனுச்சிகிறானுங்க!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்ன மண்பானை. அடியில் ஓட்டை. பானைகளை ஒட்டும் ஸ்ரீநாத் சார் இரண்டடி பின்னால் போனார். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தலை முழுகிட்டுதான் வீட்டுக்குள்ள வரணும்னு சொல்லுவாங்க," என்றார். சுடுகாட்டில் தோளில் வைத்து ஓட்டை போடுவார்களே, அந்தப் பானை என்று நினைத்துவிட்டார்கள். கூட வந்த அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. 1909இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இங்கிலீஷில் எழுதியதை மேடம் படித்துச் சொன்னார்: "ஈமப் பானை. காட்டுச் சாதியார். பூந்தமல்லிக்கு மேற்கே."

பூந்தமல்லிக்கு மேற்கே என்றால் நாம்தானே!

பானையை ஜெனரேட்டர் ரூம் பக்கம் ஒதுக்கி வைத்தார்கள். என்னைத் தொட வேண்டாம் என்றார்கள். எல்லோரும் டீ குடிக்கப் போனதும் நான் குனிந்து பார்த்தேன். சாவுப் பானையில் தண்ணீர்தானே இருக்கும்? இதற்குள் முழுக்கப் புகைக் கரி. ஓட்டையின் விளிம்பு உடைந்தது மாதிரி இல்லை, பாட்டில் வாய் மாதிரி வழவழவென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம். கரிக்குள் ஏதோ இலைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது.

இது எலி வளையில் வைத்துப் புகை ஊதுகிற பானைதானே அக்கா? நைனா ஓட்டை போட்ட இரும்பு டின்னில் ஊதுவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மண்பானையில் ஊதியது நீ. நான் வரப்பில் தூங்கிப்போவேன். அதனால் உன்னைக் கேட்கிறேன். உள்ளே என்ன தழை போடுவாய்? அந்தப் பள்ளம் எதற்கு? ஊதும்போது வாயில் புகை போகாதா?

நாம் இருளர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
ராஜி


வேடசந்தூர்
27.7.2025

அன்புள்ள ராஜிக்கு,

நான் நலம். இங்கே மழை இல்லை, வெயில் இல்லை, ஜன்னல் இருந்தால்தானே தெரியும். அம்மாவுக்கு ஒரு முழங்கால் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

கிஷோர் வீட்டில் பொங்கலுக்குப் பெண் கேட்டு வரலாமா என்று கேட்கிறார்கள். அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். நைனாவிடமும் சொல்லாதே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியுமா என்று மட்டும் நைனாவைக் கேட்டு வை. பின்பக்கம் தொங்குகிற வலை, கம்பி, இரும்பு டின் எல்லாவற்றையும் எடுத்து எங்காவது போடச் சொல்.

நீ சுடிதார் தைத்துக்கொண்டாயா? என்ன கலர்?

உனக்குக் கொடுத்த வேலை பெருக்குவதும் துடைப்பதும். அதைப் பார்.

அன்புடன்,
அக்கா


நசரத்பேட்டை
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது. எனக்கு மட்டும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், திட்டாதே. சுடிதார் பச்சை.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீநாத் சார் அந்தப் பானையைக் கையுறை போட்டுக்கொண்டு மேசைக்குக் கொண்டுவந்தார். கல்லூரியில் முழுப் பானையாகக் கேட்கிறார்களாம். ஓட்டையை பிளாஸ்டர் வைத்து அடைத்தார். பக்கத்துப் பள்ளம் இரண்டையும் அடைத்தார். பானை நிறத்திலேயே கலர் பூசினார். இனி உள்ளே இருக்கும் கரியைத் தேய்த்து எடுக்க வேண்டியதுதான் என்றார். வேலை சுத்தமாக இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடைத்ததைப் பார்த்ததும் எனக்கே மூச்சு முட்டியது.

சொல்லலாம் என்று இரண்டு தடவை அவர் மேசை வரை போனேன். இரண்டு தடவையும் மேசையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி ஓட்டையைக் குத்தித் திறந்துவிட்டேன். பிளாஸ்டர் ஈரமாகத்தான் இருந்தது. பள்ளத்தையும் தோண்டிவிட்டேன். பானையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆனால் பழி சுலைமான் அண்ணன் மேல் விழுந்துவிட்டது. பெட்டிக்கு அளவெடுக்க அன்று மதியம் அவர்தான் அந்த மேசையை நகர்த்தினார். இடித்துவிட்டு மறைக்கிறார் என்று ஸ்ரீநாத் சார் சொல்லிவிட்டார். கல்லூரியிலிருந்து இருபதாம் தேதி ஆள் வருகிறார்கள். அன்று அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். நேற்று அண்ணன் என்னிடம் வந்து, "பாப்பா, நீ இங்கதான பெருக்கிகினு இருந்த. நா அத தொடவே இல்லன்னு நீயாச்சும் சொல்லேன்," என்றார். முதல் தடவையாக அவர் எனக்கும் சேர்த்துப் பேசவில்லை, என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான் செய்ததைச் சொன்னால், ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் நாம் யார் என்று சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்? இருபதாம் தேதிக்குள் எழுது.

ராஜி


வேடசந்தூர்
14.8.2025

ராஜிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பை விசாரிக்க நேரமில்லை, நன்றாகச் சாப்பிடு.

சொல்லாதே. அந்தப் பெட்டிக்காரர் கைத்தொழில் தெரிந்தவர், எஸ்டேட்டில் எங்கும் வேலை கிடைக்கும்.

இங்கே நான் நம் சாதியை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் ரூமில் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. கிஷோரும் அதைத்தான் நம்பி வீட்டில் பேசியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சில் வரைந்தது போல இங்கே யாரும் என் கட்டிலில் வரையக் கூடாது என்றுதான். நீ ஒரு வார்த்தை சொன்னால் அது பேப்பரில் வரும், போனில் வரும், யாராவது அவரிடம் காட்டுவார்கள்.

உனக்கு ஒரு பானை. எனக்கு அப்படியா? கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அக்கா


நசரத்பேட்டை
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

இருபதாம் தேதி கல்லூரிக்காரர் வந்தார். பானையை மேசை மேல் வைத்திருந்தார்கள். சுலைமான் அண்ணனை எதிரே நிற்க வைத்திருந்தார்கள். எப்போதும் வளவளவென்று பேசுகிற மனுஷர், "நா தொடல சார், அல்லா மேல ஆணையா தொடல சார்," என்று அதையே நாலு தடவை சொன்னார். நான் டீ கொடுக்கப் போனேன். டிரேயைக் கீழே வைத்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பானையை எடுத்து, ஓட்டையில் வாயை வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதிவிட்டேன்.

நூறு வருஷத்துக் கரி பானையின் வாய் வழியாகப் பறந்து ஸ்ரீநாத் சாரின் வெள்ளைக் கோட்டு முழுக்க ஆனது. கல்லூரிக்காரரின் மூக்கிலும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கலைவாணி மேடம் "ஐயோ!" என்று கத்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினார். "துப்பு! நல்லா துப்பு! கொப்பளி!" என்றார். அந்தக் காலத்தில் மியூசியத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பொருள்கள் மேல் பாஷாணம் பூசி வைப்பார்களாம். இப்போதும் அதன் விஷம் போகாதாம். அதற்குத்தான் கையுறையாம். எனக்கு இத்தனை நாள் அழுக்குக்கு என்றுதான் தெரியும். உடனே ஒரு காகிதம் வைத்துச் சோதித்தார். பானையில் விஷம் இல்லை. "இத ஒரு பொருளாவே யாரும் மதிக்கல. அதனால மருந்து போடல. நீ தப்பிச்ச," என்றார்.

குழாயடியில்தான் எனக்கு வார்த்தை வந்தது. "சாவுக்கு இல்ல மேடம். எலிக்கு. வளையில வெச்சி ஊதுறது. நாந்தான் ஓட்டைய தொறந்தேன். நாங்க இருளருங்க."

மேடம் குழாயை மூடினார். அப்புறம், "தோண்டினது தப்பு. எங்ககிட்ட சொல்லியிருக்கணும்," என்றார்.

"சொல்ல வரல மேடம்."

"நாங்களும் கேட்கல," என்றார். உள்ளே போய் ஸ்ரீநாத் சாரிடம், "நூத்திப் பதினாறு வருஷமா ஒருத்தர் எழுதினதையே எல்லாரும் படிச்சிருக்கோம். உள்ள கரி இருக்குன்னு ஒருத்தரும் பாக்கல," என்றார். ஸ்ரீநாத் சார் கோட்டைத் தட்டிக்கொண்டே சுலைமான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "யம்மாடி, வாயே தொறக்க மாட்டேன்னு பாத்தா, தொறந்தா சூறாவளியா கீது!" என்றார்.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அக்கா இருக்கிறாள் என்றே சொல்லவில்லை.

மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதும்.

ராஜி


நசரத்பேட்டை
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். அம்மா போனை என்னிடம் நீட்டும்போது நேரம் முடிந்துவிடுகிறது.

நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

பானை யாருடையதோ அவர்களைக் கேட்காமல் இனி அதைத் தொடுவதில்லை என்று மேடம் கல்லூரிக்கு எழுதினார். அவர்கள் ஒரு ஃபாரம் அனுப்பினார்கள். வருகிறவர் இருளர் என்பதற்குச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். நைனா சிரித்தார். "நானும் பதினஞ்சி வருசமா தாலுக்கா ஆபீசுக்கு நடக்குறேன், குடுக்க மாட்டேன்றான். வெள்ளக்காரன் அட்டைய காட்னா செல்லுமா?" என்றார். மேடம் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, நைனாவையும் அம்மாவையும் வரச் சொன்னார்.

அம்மா உள்ளே நுழைந்ததும் ஸ்ரீநாத் சாரிடம், "இன்னா தம்பி, எங்க பானைக்கு மூக்க அடச்சி வுட்டியாமே?" என்றார். அவர் பாவம், நாற்காலியை இழுத்துப் போட்டார். நைனாவுக்குக் கையுறை கொடுத்தார்கள். விஷம் இல்லை என்று தெரிந்ததும் நைனா அதைக் கழற்றிவிட்டார். "கைக்கு பொத்தி மாட்டிகினா மண்ணு இன்னா சொல்லுதுன்னு எப்டி தெரியும்?" பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ஆம்பள பானை இல்ல. சின்னது. பொம்பளையோ பொண்ணோ ஊதுனது," என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அட்டையில் அதை எடுத்துக்கொண்டு போன அதிகாரியின் பெயர் இருக்கிறது. ஊதினவள் பெயர் இல்லை.

காட்டுச் சாதியார் என்பதையும் அடிக்கச் சொன்னார் நைனா. "எந்த காட்ல சார் இருந்தோம்? ஏரிக்கரைல இருந்தோம், நெல்லு வயல்ல இருந்தோம். உங்க நெல்ல எலி துன்னாம பாத்துகினோம்." ஓட்டையை அடைக்கக் கூடாது, கரியைக் கழுவக் கூடாது, நம் பிள்ளைகள் வந்தால் கையில் எடுத்துப் பார்க்க விட வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. கல்லூரிக்காரர் கடைசி விஷயத்துக்கு மட்டும் யோசித்தார். யோசித்து, சரி என்றார். நாற்பது சாமானில் காட்டுச் சாதியார் என்று எழுதிய இன்னும் பதினொன்று இருக்கிறது. அதையெல்லாம் நம் ஆட்கள் வந்து பார்த்த பிறகுதான் பழுது பார்க்கத் தொடுவார்கள்.

ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் இல்லை. எந்தத் தழை என்று கேட்டால் அம்மா வேப்பந்தழை என்கிறார், நைனா கைக்கு வந்த தழை என்கிறார். மேடத்தின் எதிரிலேயே இருவரும் சண்டை. பள்ளம் எதற்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. நைனா, "நா டின்னுல ஊதுனவன். இதெல்லாம் எங்க பெரிய பொண்ண கேளுங்க. பத்து வயசுலயே என்னவிட நல்லா ஊதுவா," என்றார். நான் அவர் காலை மிதித்தேன். மிதிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

மேடம் உன் பெயரைக் கேட்டார். அக்காவைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். இந்த முறை சத்தம் வந்தது. பேப்பர்காரர் ஒருவர் போட்டோ எடுக்க வந்தார். அவரிடமும் வேண்டாம் என்றேன். புது அட்டையில் "தகவல் தந்தவர்" என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நைனா பெயரைப் போட்டால் அவர் மகள் யார் என்று யாராவது தேடுவார்கள், அதனால் அதையும் போட விடவில்லை.

உன் தங்கை,
ராஜி


நசரத்பேட்டை
26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா நம்பினார். அதிரசத்தில் உன் பங்கை எறும்பு வரும்வரை வைத்திருந்தோம்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வலையையும் டின்னையும் எடுக்க முடியாது என்று நைனா சொல்லிவிட்டார். நீ சொன்னதாகச் சொன்னால் எடுத்துவிடுவார். சொல்லட்டுமா?

நவம்பர் கடைசியில் பானையைத் திருப்பி அனுப்புகிறார்கள். உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் அட்டையில் தழை, பள்ளம், பெயர் மூன்றும் காலியாகவே போகும். அதில் தப்பில்லை என்று மேடமே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது நல்லதாம், சொல்ல விருப்பமில்லாததைக் கேட்டு வாங்குவதுதான் தப்பாம். அதனால் நான் இனிக் கேட்க மாட்டேன்.

மழைக்காலம். தலையை ஈரத்தோடு கட்டாதே.

ராஜி


வேடசந்தூர்
16.11.2025

அன்புள்ள ராஜகுமாரிக்கு அக்கா எழுதுவது.

இருமல் போய்விட்டது. நீ ஆகஸ்டில் கேட்டாய், இப்போது சொல்கிறேன். நடுவில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தீபாவளிக்கு லீவு இருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வரவில்லை. மில்லில் பாதி ஆள் இல்லை. அந்த வாரம் பஞ்சு குடோனில் எலி புகுந்துவிட்டது. கிஷோரும் இன்னும் இரண்டு பேரும் சுவரில் இருந்த பொந்தை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மறுநாளும் எலி வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எலி ஒரு வாசல் வைத்து வீடு கட்டாது என்று நமக்குத் தெரியாதா? தாங்க முடியாமல் போய், மூட்டைக்குப் பின்னால் இருந்த இன்னொரு பொந்தைக் காட்டினேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வெறும் ஆசையாகத்தான் கேட்டார். புத்தகத்தில் படித்தேன் என்றேன். சாதியை மாற்றிச் சொன்னபோது வராத வெட்கம் அன்றைக்கு வந்தது ராஜி. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக்கூட எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

கேள்விகளுக்குப் பதில்.

அடியில் காய்ந்த வைக்கோல், அதன் மேல் நெருப்பு, அதன் மேல் ஈர வைக்கோல். தழை எப்போதும் போடுவதில்லை. மழை ஈரத்தில் புகை சரியாக எழாதபோது மட்டும் ஒரு கைப்பிடி நொச்சி. வேப்பந்தழை போட்டால் தொண்டை எரியும். அம்மா ஒரு நாளும் ஊதியதில்லை, அவர் பேச்சைக் கேட்காதே. நைனாவுக்குத் தொண்டை எரிந்தாலும் தெரியாது.

மற்ற வாசலை எல்லாம் சேறு வைத்து அடைத்துவிட்டு, பானையின் வாயை ஒரு வாசலில் வைத்துச் சுற்றிலும் சேறு பூச வேண்டும். அடியில் இருக்கும் ஓட்டையில் ஊத வேண்டும். ஊதியதும் வாயை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூச்சு இழுக்க வேண்டும். அங்கேயே இழுத்தால் புகை நம் வயிற்றுக்குள் போகும். அடைக்காமல் விட்ட வாசல் இருந்தால் அங்கே புகை கிளம்பும், உடனே ஓடிப்போய் அதையும் அடைக்க வேண்டும். அப்புறம் தோண்டினால் எலியும் இருக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் இருக்கும். சில வளையில் ஒரு முறம் நெல்கூட எடுத்திருக்கிறேன்.

பள்ளம் உடைந்ததல்ல. விரல் வைக்கிற இடம். பானை சுட்டுவிடும், உதட்டை நேராக வைக்க முடியாது. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரலை நனைத்து வைத்து, விரல் மேல் உதட்டை வைத்து ஊத வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் விரலை வைக்க மறந்தேன். என் கீழுதட்டில் இருக்கிற தழும்பு அதுதான். இங்கே பால் பாத்திரம் சுட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் பானையில் பள்ளம் கிடையாது. அந்த மியூசியப் பானையில் குயவர் ஈரத்திலேயே அழுத்திக் கொடுத்தாரா, ஊதி ஊதி விரல் பட்டே தேய்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மேடத்தை நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல். தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

நைனா வலையையும் டின்னையும் எடுக்க வேண்டாம்.

தகவல் தந்தவர் என்ற இடத்தில், சம்பந்தம் மகள் ஷோபனா, இருளர், நசரத்பேட்டை என்று எழுது. நைனா பெயரையும் போடு. உன் பெயரும் வர வேண்டும்.

தபால்பெட்டி மில் கேட்டுக்கு வெளியே இருக்கிறது. எங்களை விட மாட்டார்கள். வழக்கமாக வார்டன் கையில் கொடுப்பேன். இதைக் கிஷோரிடம் கொடுக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துவிட்டு, போட வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, பொங்கலுக்கு யார் வருவார்கள் என்றும் தெரியாது.

கிடைத்தால் உடனே எழுது. உறை ஒட்டியிருந்ததா, திறந்தே வந்ததா என்றும் எழுது.

உன் அக்கா,
ச. ஷோபனா